விளிம்பு மடிக்காத தடுக்குகள்

இந்த மாரி முழுவதும் சுவரில் தொங்கிய ஓலையில் ஒரு பொட்டுப் பூஞ்சணம்கூடப் பிடிக்கவில்லை. போன மாரியில் பாதிக்கு மேல் கறுத்துப்போய், திரும்பவும் இழைக்க வேண்டிவந்தது. அதனால்தான் இவ்வளவு காலம் எழுதாமல் இருந்தேன். புதுக்குடியிருப்புக்குக் கிழக்கே, எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில், பிள்ளைகளை இழந்த தாய்மார் கூடியிருந்து இழைத்த 16 பனையோலைத் தடுக்குகளை, அதாவது சின்னப் பாய்களைப் பற்றிய பதிவு இது. தங்கள் ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாமா என்று மன்னார்ப் பக்கத்துத் தாய்மார் சிலர் கேட்டிருக்கிறார்கள். அளவு, சாயம், செலவு, எது சரிவந்தது, எது சரிவரவில்லை எல்லாம் அவர்களுக்கு ஓரிடத்தில் கிடைக்கட்டும்.

தொடக்கத்தில் ஓலை எங்கள் நினைப்பிலேயே இருக்கவில்லை. ஒவ்வொரு தாயும் ஒரு சதுரத் துணியில் பிள்ளையின் பெயரைத் தைப்பது, எல்லாவற்றையும் பொருத்தி ஒரு பெரிய விரிப்பாக்குவது என்றுதான் கூடினோம். பிள்ளையின் பழைய உடுப்பில் ஒரு துண்டு கொண்டுவாருங்கள் என்றோம். எவரிடமும் இல்லை. 2008இல் சண்டை நெருங்கக் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட சனம் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர நகர, ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெட்டியையோ ஒரு பையையோ கைவிட்டுத்தான் போனது. கடைசியில் தோளில் மிஞ்சியது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பை மட்டும். பலரிடம் பிள்ளையின் ஒரு படம்கூட இல்லை. சரி, தாயின் சீலையில் ஒரு துண்டு எடுக்கலாம் என்றால், 2009இல் அந்தச் சீலைகளை வெட்டித்தானே பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மண்மூட்டை தைத்தார்கள்? கூறைச்சீலைக்குள்ளும் மண் போட்டார்கள்.

துணி இல்லாததை எப்படியும் சமாளித்திருக்கலாம். பெயர் தைப்பதில்தான் வேலை நின்றது. எங்கள் கூட்டத்தில் எல்லா விதமாகவும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். 26.12.2004 அன்று முல்லைத்தீவுக் கரையில் கடல் கொண்டுபோன பிள்ளையின் தாய். 14.08.2006 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் இறந்த மாணவியின் தாய். ஷெல் விழுந்து மடியிலேயே பிள்ளையை விட்டவர்கள். இயக்கம் (விடுதலைப் புலிகள்) வலிந்து பிடித்துக்கொண்டுபோய்த் திரும்பி வராத பிள்ளையின் தாய். சண்டை முடிந்த நாளில் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த மகனை இன்றுவரை தேடுகிற தாய். கடைசியாகச் சொன்ன அக்கா, 20.02.2017இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் போய் இருந்தவர். அவர் ஊசியைத் தொடவில்லை.

"பேரைத் தைச்சுச் சுவரில கொழுவினா, படத்துக்கு மாலை போட்டதுதான். என்ர பிள்ளையை நான் கையில பிடிச்சுக்கொண்டுபோய்க் குடுத்தனான். அவன் எங்கயெண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். நான் தைக்கமாட்டன், பிள்ளை."

அவர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மடியில் பிள்ளையை விட்ட தாய்க்கு அழுவதற்கு ஒரு பெயர் வேண்டும்; ஒரு விளக்கு வேண்டும். இரண்டு பேரையும் ஒரே துணியில் இருத்த எங்களுக்கு வழி தெரியவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டோம்.

வழி சொன்னவர் ஆச்சி. எழுபது தாண்டியவர், முள்ளியவளைப் பக்கத்தில் பன்னவேலையே (ஓலை இழைப்பே) சீவியமாக இருந்தவர். விறாந்தையில் பிட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டி ஒன்று இழைத்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டிருந்துவிட்டு, "பிள்ளைக்குத் தடுக்கு இழைக்கிறதுக்கு ஆரிட்ட அனுமதி கேக்கவேணும்? இருக்கிற பிள்ளைக்கும் இழைக்கலாம், இல்லாத பிள்ளைக்கும் இழைக்கலாம்" என்றார். தடுக்கு என்றால் குழந்தையைக் கிடத்துகிற சின்னப் பாய். அதில் பெயர் இல்லை, திகதி இல்லை, படம் இல்லை. ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

ஓலை

குருத்தோலைதான் வேண்டும். கரையோரப் பனைகளில் பாதி ஷெல்லில் தலை போய் மொட்டையாக நிற்கின்றன. மிஞ்சிய பனையில் ஏறிக் குருத்து வெட்ட ஆளும் இல்லை. அதனால் வடலியில், அதாவது இளம் பனையில் எடுத்தோம். 2009க்குப் பிறகு தானாக முளைத்த வடலிகள். நிலத்தில் நின்றபடியே வெட்டலாம். ஒரு வடலியில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு எடுத்தால் மரம் தேங்கிவிடுமாம். வெட்டித் தந்த தம்பிக்குக் குருத்து ஒன்றுக்கு 100 ரூபா கொடுத்தோம். ஒரு தடுக்குக்கு ஒன்றரைக் குருத்து போதும். கிழிசலும் கறையும் கழித்துப் பார்த்தால் இரண்டு கையில் இருப்பது நல்லது.

காயவிடுவதில் அவசரப்படக் கூடாது. முதல் தொகுதியை ஒருநாள் வெயிலிலேயே எடுத்து இழைத்தோம். இழைத்தபோது பால்வெள்ளையாக, நெருக்கமாக, பார்க்க வடிவாக இருந்தது. சில கிழமை போக ஓலை சுருங்கி, 18 அங்குல அகலம் 17க்கும் கீழே வந்துவிட்டது. இடைவெளியால் அரிசி விழும். பிறகு நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, கையில் நசித்தால் சருகுச் சத்தம் வந்த பிறகே எடுத்தோம். அப்படிக் காய்ந்த ஓலை இழைக்கும்போது ஒடியும். இழைப்பதற்கு முதல் நாள் இரவு பனியில் போட்டு எடுத்தால் பதமாகிவிடும். மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பார்கள்; இந்த வேலைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. பனி இல்லாத மாதங்களில் ஈரச்சாக்கில் சுற்றி வைத்தோம். அது இரண்டாம் பட்சம்தான். சாக்குப் பட்ட இடம் நனைந்தும் நடு உலர்ந்தும் இருக்கும்.

வார்தல்

ஈர்க்கை நீக்கி ஓலையை வார்வதற்கு ஆச்சிக்குச் சத்தகம் என்கிற சின்னக் கத்தி ஒன்று போதும். கண்ணளவிலேயே அரை அங்குலம் பிசகாது. எங்களுக்கு அந்தக் கை இல்லை. ஒருவர் வார்ந்தது விரல் அகலம், இன்னொருவர் வார்ந்தது அதில் பாதி. ஒரே தடுக்கில் இரண்டும் கலந்தால் ஒரு பக்கம் இழுத்துக் கோணும்.

இதற்கு ஒரு வார்கருவி செய்தோம். பனஞ்சிலாகைத் (பனைமரச் சட்டத்) துண்டு ஒன்றைச் சரியாக அரை அங்குலத் தடிப்பில் சீவி, அதன் இரண்டு பக்கமும் சவர பிளேட் வைத்து, வெளியே இரண்டு பலகைத் துண்டால் நெரித்து இரண்டு திருகாணி போட்டு முடுக்கினோம். பிளேட்டின் விளிம்பு நெல்லளவு வெளியே நின்றால் போதும், கூட நின்றால் விரல் போகும். ஓலையின் அடிப்பக்கத்தை அதில் குத்தி நுனிப்பக்கமாக ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். நுனியிலிருந்து இழுத்தால் நடுவில் கிழிந்து விலகும். இரண்டு தடுக்குக்கு ஒருமுறை பிளேட் மாற்ற வேண்டும். ஒரு ஓலையில் நாலு வார் கிடைத்தது. இந்தக் கருவியைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அளவு

அளவு எடுத்த நாட்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். எங்கள் வேலையின் நடு அதுதான்.

அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்று, 18 அங்குலம் என்று முடிவெடுத்தோம். அரை அங்குல வாரில் 25 சோடி எடுத்து மூலைவாட்டில் இழைத்தால் அந்த அகலம் வரும். நீளம் பிள்ளையின் உயரம். படம் இல்லை, உடுப்பு இல்லை என்றாலும் உயரம் தெரியாத தாய் இல்லை என்று நினைத்தோம். அது உண்மைதான், ஆனால் ஒவ்வொருவரும் அதை வேறு வேறு இடத்தில் வைத்திருந்தார்கள்.

ஒருவர் எழும்பி நின்று தன் இடுப்பில் கையை வைத்தார். "இதில அவளின்ர உச்சி முட்டும்." அளவுநாடாவைப் பிடித்தோம், 38 அங்குலம். ஒருவர் தரையில் குந்தி, தன் முழங்கையையும் இரண்டு சாணையும் வைத்து அளந்து காட்டினார். பங்கருக்குள் பிள்ளையைக் குறுக்கே வளர்த்தியிருந்த நீளம் அது. செஞ்சோலையில் மகளை இழந்த அம்மாவுக்கு உயரம் நினைவில்லை. ஆனால் அரசாங்கம் தந்த சீருடைத் துணியில் அந்த வருடம் தைத்த சட்டையின் நீளம் நினைவிருந்தது. தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை எத்தனை அங்குலம், கரை மடிப்பு எவ்வளவு விட்டார் என்பது உட்பட. கழுத்தையும் காலையும் கூட்டி அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். இன்னொருவர் ஆவணப் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்தார். பொலித்தீனில் சுற்றி, நந்திக்கடல் தண்ணியில் நனைந்து காய்ந்து, ஒட்டிப்போயிருந்த தாள். அதில் நிறை மட்டும்தான் எழுதியிருந்தது. உயரத்தை அவர் கைகளை அகட்டித்தான் காட்டினார். இரண்டாவது முறை காட்டியபோது கொஞ்சம் கூடிவிட்டது. கூடின அளவையே எழுதிக்கொண்டோம்.

இந்த இடத்தில் அவசரப்படுத்த வேண்டாம் என்று தொடங்குகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு பின்னேரத்தில் ஒரு தாய்க்கு மட்டும் அளவெடுங்கள். எடுத்த அளவை உரக்க வாசிக்க வேண்டாம். 22 அங்குலம் என்பதை எல்லோர் முன்னாலும் கேட்கிற தாயின் முகத்தைப் பார்த்தபின் நாங்கள் சொல்லாமல் எழுதிக் காட்டத் தொடங்கினோம்.

பெரிய பனரில் படங்களை அச்சடித்துக் கட்டினால் ஒரு நாளில் முடிகிற வேலையல்லவா என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. படம் உள்ளவர்கள் அடிக்கட்டும். இந்த மண்டபத்தில் பிள்ளையின் முகத்தைத் தாளில் காட்ட முடியாத தாய், தன் நெஞ்சில் கையை வைத்து "இவ்வளவு" என்று காட்டினாள். அந்த "இவ்வளவை" அவளே தன் கையால் இழைத்து முடிக்கப் பல பின்னேரங்கள் எடுத்தன. அந்தப் பின்னேரங்களில் பிள்ளையின் குழப்படியும் பசியும் பள்ளிக்கூடமும் கதையாக வந்தன. ஒரு நாளில் முடிந்திருந்தால் அவை வந்திரா.

சாயம்

கடைச் சாயம்தான்: சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள். 10 லீற்றர் கொதிநீரில் ஒரு பைக்கற், ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. வாரைக் கட்டாக இறுக்கிப் போட்டால் நடுவில் சாயம் ஏறாது. தளர்வாகக் கட்டி, 20 நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த பிறகு பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அலசாமல் காயவைத்த சிவப்பு, முதல் மழைக்காற்றிலேயே பக்கத்து வெள்ளை ஓலைக்கு ஊறிவிட்டது. காயவிடுவது நிழலில்.

ஒவ்வொரு தாயும் பிள்ளைக்குப் பிடித்த ஒரு நிறத்தில் ஒரு கரை போட்டார். சிவப்பையும் மஞ்சளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவில்லை. அவை சேர்ந்தால் இயக்கத்தின் நிறம்; வன்னியில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

விளிம்பு

இழைப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஆச்சியைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்தால் பழகலாம், இல்லாவிட்டால் எழுத்தில் படித்துப் பழக ஏலாது. வார் முடிகிற இடத்தில் புது வாரை நாலு குறுக்குக்குக் குறையாமல் மேவி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி விளிம்பில்தான் எங்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது.

வழக்கமாகக் கடைசி வரியில் ஒவ்வொரு வாரையும் மடக்கி, நாலு குறுக்கு உள்ளே செருகி, மிச்சத்தை வெட்டிவிடுவோம். வட்டுவாகல் அக்கா அந்த இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். கையளிக்கும்போது மகனுக்கு 15 வயது. அக்காவின் காது மட்டும் வருவான். அந்த நீளத்துக்கு இழைத்தாயிற்று.

"இதை எப்பிடி ஆச்சி மடிக்கிறது? இப்ப அவன் என்னைவிட வளந்திருப்பான்."

ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மடிக்காத. ஒரு சாண் விட்டுவை" என்றார்.

விட்டால் குலையும் என்பதுதான் சிக்கல். ஓலை இழைப்பைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மடிப்பு. முதலில் தங்கூசியால் (நைலோன் நூலால்) ஒரு வரி தைத்துப் பார்த்தோம். அது ஓலையை அறுத்துவிட்டது. பனைநார் பிடித்தது, ஆனால் காய்ந்ததும் இறுகி, அவிழ்க்கும்போது ஓலையையும் கிழித்தது. கடைசியில் பருத்திச் சீலையில் அரை அங்குல நாடா கிழித்து, இரண்டு நாடாவை ஒவ்வொரு வாருக்கும் முன்னும் பின்னுமாக மாற்றி முறுக்கிக்கொண்டு போனோம். மெத்தென்று பிடித்தது. எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்து மேலே இழைக்கலாம். அக்கா அன்று உடுத்தியிருந்த சீலையின் தலைப்பிலேயே அந்த நாடாவைக் கிழித்துத் தந்தார்.

அதன்பின் தேடிக்கொண்டிருக்கிற தாய்மார் எல்லோரும் விளிம்பைத் திறந்தே விட்டார்கள். இறந்த பிள்ளைகளின் தாய்மார் மடித்து முடித்தார்கள். அந்த மடிப்பை அவர்களே செய்ய வேண்டும் என்று ஆச்சி விலகி இருந்துகொண்டார். கடல் கொண்டுபோன பிள்ளையின் தாய், உடல் கிடைக்காதவர், பாதி விளிம்பை மடித்து மீதியைத் திறந்து விட்டார். அப்படிச் செய்தால் மடிப்பு முடிகிற இடத்தில் ஒரு வாரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும், இல்லையேல் மடித்ததும் மெல்ல நழுவிவரும்.

திறந்த விளிம்பில் ஒரு சாண் போதாது என்பது இப்போது தெரிகிறது. கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் நுனிகள் முறுகி உடைந்தன. 12 அங்குலமாவது விட வேண்டும். நுனிகளை நாலைந்தாகச் சேர்த்துத் துணியால் சுற்றிவைக்க வேண்டும். போன மாசியில் வட்டுவாகல் அக்கா தன் நாடாவை அவிழ்த்து, நுனியைப் பனியில் பதமாக்கி, புது வார் சேர்த்து இன்னொரு சாண் இழைத்தார். பழைய ஓலை தேன்நிறம், புது ஓலை வெள்ளை. சேர்ந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. அதை மறைக்க வேண்டாம் என்றார்.

கோர்த்ததும் பிரித்ததும்

16ஐயும் பக்கத்துப் பக்கமாகத் தைத்து ஒரே விரிப்பாக்கி, மேல் விளிம்பைப் பனஞ்சிலாகையில் கட்டித் தொங்கவிட்டோம். உயரங்கள் ஏறியும் இறங்கியும், பள்ளிக்கூட முற்றத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் போலக் கீழ்விளிம்பு இருந்தது. சிலாகை இடிந்த வீட்டுக் கூரையில் எடுத்த பழையது. குத்தூசியால் துளைபோட்டு, ஊறவைத்த பனைநாரால் கட்டினோம். இந்த இடத்துக்கு நார் நன்றாகவே பிடித்தது.

முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 வந்தது. முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள் இறந்த பிள்ளைகளின் தாய்மார். தேடுகிற தாய்மார், எங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டாம், ஓகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோர் நாளுக்கு நாங்கள் கொண்டுபோகிறோம் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் எல்லாம் ஒன்றாகத் தைத்துக் கிடந்தது. தையலை வெட்டிப் பிரித்தோம். வெட்டிய இடங்களில் ஓரம் பிய்ந்தது, சிலவற்றுக்குச் சீலை நாடாவால் கரை கட்டினோம். இப்போது ஒவ்வொரு தடுக்குக்கும் மேலே இரண்டு நார் வளையம். சிலாகையில் வளையத்தைக் கோர்த்தால் 16உம் சேர்ந்து நிற்கும், கழற்றினால் தனியே போகும். தொடங்குகிறவர்கள் வளையத்தோடேயே தொடங்குங்கள். தைக்கவே வேண்டாம்.

மாரி

முதல் மாரியில் தடுக்குகள் சுவரோடு ஒட்டித் தொங்கின. சுவர் ஈரம் குடித்து, மார்கழியில் பின்பக்கம் முழுவதும் கரும்புள்ளி. தேசிக்காய்த் தண்ணீரால் துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. கெட்டதை எரிக்க ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அதே அளவில் புதிதாக இழைத்தார்கள். சிலருக்கு அது முதல்முறையைவிடக் கடினமாக இருந்தது. மடித்து முடித்த விளிம்பை இரண்டாம் முறை மடிப்பது லேசான காரியமில்லை.

இப்போது சுவரில் மூன்று அங்குலக் கட்டைகள் அடித்து, அதன்மேல் சிலாகையை வைத்திருக்கிறோம். பின்னால் காற்று ஓடுகிறது. ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் கழற்றி, சமையலறை அடுப்புக்கு மேலே ஒரு கிழமை புகையில் போட்டோம். நிறம் கொஞ்சம் மங்கும். பச்சை தாங்கியது, ஊதா தாங்கவில்லை.

செலவு: குருத்து 40க்கு 4,000 ரூபா, சாயம் 1,800, பிளேட்டும் திருகாணியும் 650, தேநீர், சீனி, விசுக்கோத்துக்கு 6,000க்குக் கிட்ட. திரும்ப இழைத்ததற்கான குருத்தும் இதற்குள் அடக்கம். ஆளுக்கு 500 ரூபா போட்டோம், மிச்சம் சங்கப் பணம். ஒருவர் வந்து தடுக்குகளை நல்ல விலைக்குக் கேட்டார். தாய்மார் பதில் சொல்லாமல் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த தொகுதிக்கு மாத்தளன் பக்கமிருந்து மூன்று தாய்மார் வருகிறார்கள். ஒருவரின் அளவு 5 அடி 2 அங்குலம். அவருக்கு மட்டும் மூன்று குருத்து வேண்டும். ஊதாவை விடுகிறோம். வார்கருவி இன்னும் இரண்டு செய்ய வேண்டும். ஆச்சிக்குக் கண் முன்போல இல்லை. அதனால் விளிம்பு மடிக்கும் முறையை இரண்டு பிள்ளைகள் அவரிடம் இப்போதே பழகுகிறார்கள். குருத்து வெட்டுகிற தம்பியைத் தை பிறந்ததும் வரச்சொல்லியிருக்கிறோம், மாசிப்பனிக்கு முன்னர் ஓலை காய்ந்திருக்க வேண்டும்.